மருந்துக்கு வழி கண்ட மாமேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி (ரஹ்)



நோன்பு மாதம் நெருங்கிவிட்டால் பள்ளிவாசல்களில் இமாம்களைச் சுற்றி ஒரு சிறு கூட்டம் சேர்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டால் நோன்பு முறியுமா, காதுக்கு விட்டால் என்ன, ஊசி போட்டுக்கொள்ளலாமா, நெஞ்சு நோவுக்காக நாவின் அடியில் அடக்கிக்கொள்ளும் மாத்திரை கூடுமா என்று கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும். கேட்பவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். நோயைச் சுமந்துகொண்டும் நோன்பை விட மனமில்லாதவர்கள். இக்கேள்விகள் அனைத்தையும் பிழிந்து பார்த்தால் எஞ்சுவது ஒன்றே. மருந்து எந்த வாயில் வழியாக உடலுக்குள் நுழைகிறது? நுழைந்தது எதுவரை செல்கிறது?

இதே கேள்வியை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இரு சாரார் எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரு சாரார் ஃபிக்ஹுக் கலையில் கரைகண்ட இமாம்கள். மற்றொரு சாரார் மருத்துவர்கள். அம்மருத்துவர்களுள், மருந்தின் வடிவத்தையும் அது செல்லும் வழியையும் தம் வாழ்நாள் உழைப்பாகவே கொண்டிருந்த பெரியார் ஒருவரின் வரலாற்றை இவ்வாரம் உங்கள் முன் வைக்கிறோம். அன்னார்தாம் அபுல் காசிம் கலஃப் இப்னு அப்பாஸ் அஸ்ஸஹ்ராவி (ரஹ்) அவர்கள்.

அஸ்ஸஹ்ரா நகரின் மைந்தர்

ஸ்பெயின் நாட்டின் பெரும்பகுதி அந்தலுஸ் என்ற பெயரில் முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்த காலம் அது. குர்துபா அதன் தலைநகர். கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் அவர்கள் கி.பி. 936ஆம் ஆண்டில், அதாவது ஹிஜ்ரி 325இல், குர்துபாவுக்கு மேற்கே மலையடிவாரத்தில் மதீனத்துஸ் ஸஹ்ரா என்னும் அரண்மனை நகரை எழுப்பத் தொடங்கினார்கள். அந்நகரின் பெயரே நம் மருத்துவருக்கும் பெயராக நிலைத்தது. அன்னார் பிறந்த ஆண்டும் 936தான் என்று பலர் எழுதுவர். நகருக்கும் நாயகருக்கும் ஒரே வயது என்பது செவிக்கு இனிமையாக இருக்கிறதே தவிர, அதற்கு உறுதியான சான்று ஏதும் இல்லை. அல்அன்ஸாரி என்ற அடைமொழி மட்டும், மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு அடைக்கலம் தந்த அன்ஸாரிகளின் வழித்தோன்றல் என்ற குடும்ப மரபை நமக்குச் சொல்கிறது.

இத்துணைப் பெரிய மனிதரின் வாழ்க்கையைப் பற்றி ஏடுகளில் கிடைப்பது மிகக் குறைவு என்று அறியும்போது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஆசிரியர் யார், மக்கள் எத்தனை பேர், எவ்வீதியில் வாழ்ந்தார்கள் என்பவற்றுக்கெல்லாம் விடையில்லை. அந்தலுஸின் பேரறிஞர் இப்னு ஹஸ்ம் அவர்கள் அன்னாரை நேரில் கண்டவர்கள். அன்னாரின் நூலைப் போல் அனைத்தையும் திரட்டித் தந்த மருத்துவ நூல் வேறொன்று இல்லை என்று சொன்னாலும் அது மிகையாகாது என்னும் கருத்தில் எழுதியிருக்கிறார்கள். பின்னர் வந்த அல்ஹுமைதி அவர்கள், அந்தலுஸின் பெரியார்களைத் தொகுத்த தம் நூலில், நற்குணமும் மார்க்கப் பற்றும் கல்வியும் உடையவர் என்று அன்னாருக்குச் சான்று தந்து, ஹிஜ்ரி 400க்குப் பிறகு மரணமடைந்ததாகக் குறித்துள்ளார்கள். அரசவைக்கு அருகே வாழ்ந்தும், அரசவையைப் பற்றி அன்னார் பேசியதாகத் தெரியவில்லை. நோயாளியைப் பற்றியும் மருந்தைப் பற்றியுமே பேசினார்கள். ஆகவே அன்னாரின் வரலாற்றை அன்னாரின் நூலுக்குள்தான் நாம் தேட வேண்டியிருக்கிறது.

அன்னார் வளர்ந்த சூழலைச் சற்று நினைத்துப் பாருங்கள். கான்ஸ்டாண்டிநோப்பிளின் கிறிஸ்தவப் பேரரசர் கலீஃபாவுக்கு அனுப்பிய பரிசுகளுள், டயஸ்கோரிடீஸ் என்ற கிரேக்க அறிஞர் மூலிகைகளைப் பற்றி எழுதிய நூலின் படம் தீட்டிய பிரதி ஒன்றும் இருந்தது. அதைப் படித்துச் சொல்லக் குர்துபாவில் கிரேக்கம் அறிந்தவர் இல்லை. அரசர் நிக்கொலாஸ் என்ற துறவியை அனுப்பி வைத்தார். அவர் 951ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தார். யூத மருத்துவர் ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத் அவர்களும் முஸ்லிம் மருத்துவர்களும் அத்துறவியோடு அமர்ந்து, நூலிலுள்ள ஒவ்வொரு செடியும் தங்கள் நாட்டில் எப்பெயரால் வழங்குகிறது என்று ஒவ்வொன்றாகக் கண்டறிந்தனர். மூன்று சமயத்தவரும் ஒரு மூலிகையின் பெயருக்காக ஒரே மேசையில் குனிந்திருந்த அந்த ஊரில்தான் நம் ஸஹ்ராவி அவர்களின் இளமை கழிந்தது. அடுத்து வந்த கலீஃபா இரண்டாம் ஹகம் அவர்கள் (961–976) நூல்களின் காதலர். அவர்களின் அரண்மனை மருத்துவராக ஸஹ்ராவி அவர்கள் பணியாற்றினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர்.

தொகுக்க இயலாதவனுக்கு ஒரு நூல்

ஏறத்தாழ ஐம்பது ஆண்டு அனுபவத்தின் பலனாக, கி.பி. 1000ஆம் ஆண்டையொட்டி, ஸஹ்ராவி அவர்கள் ஒரு பெருநூலை நிறைவு செய்தார்கள். அதன் பெயர் ‘அத்தஸ்ரீஃப்’. முழுப் பெயரின் பொருளைக் கேட்டால் ஆசிரியரின் உள்ளம் உங்களுக்கு விளங்கிவிடும். தாமே தொகுத்துக்கொள்ள இயலாதவனுக்கு உதவும் நூல் என்பதே அதன் கருத்து. நூலகம் நிறைய ஏடுகள் வைத்திருக்கும் அறிஞனுக்காக அன்று. எங்கோ ஒரு சிற்றூரில், கையில் ஓரிரு நூல்கூட இல்லாமல், எதிரில் நோயாளி துடித்துக் கிடக்க நிற்கும் இளம் மருத்துவனுக்காக எழுதப்பட்டது அது. தம் மாணவர்களை மக்களே என்று அழைத்தே அதில் பேசுகிறார்கள்.

நூலில் முப்பது பகுதிகள். முதலிரு பகுதிகள் மருத்துவத்தின் அடிப்படைகளையும் நோய்களையும் சொல்கின்றன. முப்பதாம் பகுதி அறுவைச் சிகிச்சை. ஏறத்தாழ இருநூறு கருவிகளை வரைபடத்தோடு விளக்கும் அப்பகுதியே அன்னாரின் பெயரை உலகெங்கும் கொண்டு சென்றது. ஆனால் அன்பர்களே, அந்த ஒரு பகுதியின் ஒளியில் மற்றவை மறைந்துபோயின. இடையிலுள்ள பகுதிகளில் பெரும்பாலானவை மருந்து தயாரிக்கும் கலையைப் பற்றியவை. அவை பெரும்பாலும் நோயின் பெயரால் பிரிக்கப்படவில்லை. மருந்தின் வடிவத்தால் பிரிக்கப்பட்டிருக்கின்றன என்பதைக் கவனியுங்கள்.

அவ்வடிவங்களின் பெயர்களைச் சொன்னால் யூனானி மருத்துவம் அறிந்த குடும்பத்தினர் உடனே இனங்கண்டு கொள்வார்கள். மஜூன் என்பது தேனில் பிசைந்த லேகியம். ஹப்பு என்பது உருண்டை மாத்திரை. குர்ஸ் என்பது வில்லை. சஃபூஃப் சூரணம், லஊக் நக்கிச் சாப்பிடும் பாகு, மர்ஹம் களிம்பு, சர்பத்தை நான் விளக்க வேண்டியதில்லை. மூக்கில் விடுபவை, கொப்பளிப்பவை, கண்ணுக்கான சுர்மா வகைகள், மேலே பற்றுப் போடுபவை, தைலங்கள் என்று வரிசை நீள்கிறது. சென்னையில் 1979இல் தொடங்கப்பட்ட அரசு யூனானி மருத்துவக் கல்லூரியின் மாணவர்கள் படிக்கும் சொற்களும், குர்துபாவில் அந்த முதியவர் எழுதிய சொற்களும் ஒன்றே.

மருந்துகளை வடிவத்தால் பிரிக்கும் முறையை அன்னார்தாம் முதன்முதலில் கண்டார்கள் என்று மேடையில் முழங்குவோர் உண்டு. அது சரியன்று. ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, 869இல் மறைந்த சாபூர் இப்னு ஸஹ்ல் என்ற கிறிஸ்தவ மருத்துவர் அவ்வாறு ஒரு தொகுப்பு எழுதியிருந்தார். அறுவைப் பகுதியிலும் ஏகீனா ஊர்ப் பவுல் என்ற கிரேக்க மருத்துவரிடமிருந்து ஸஹ்ராவி அவர்கள் ஏராளமாக எடுத்துக்கொண்டார்கள். இல்லாத பெருமையைச் சூட்டினால்தான் உயர்வார் என்ற நிலையில் அன்னார் இல்லை. பழையோர் சொன்னதைக் கையால் செய்து பார்த்து, செய்யும் விதத்தை அடுத்தவனுக்கு விளங்க எழுதியதில்தான் அன்னாரின் தனிச்சிறப்பு இருக்கிறது.

ஒரே மருந்துக்கு ஏன் இத்தனை உருவங்கள் என்று நீங்கள் கேட்கலாம். தேனிலோ சர்க்கரைப் பாகிலோ கூட்டிய மருந்து எளிதில் கெடாது, கசப்பும் அடங்கும். தேனில் மனிதர்களுக்கு நிவாரணம் இருப்பதைத் திருமறையின் அந்நஹ்ல் அத்தியாயம் சொல்கிறது. மருத்துவர்களோ, தன்னுள் வந்த பிற மருந்தையும் அது காப்பதைக் கண்டார்கள். சூரணம் விரைவில் கரையும்; வில்லை மெல்லக் கரையும். களிம்பு போட்ட இடத்தில் நிற்கும். இருமலுக்கான பாகை மெல்ல நக்கினால் தொண்டையில் படிந்து இறங்கும். மூலப்பொருள் ஒன்றேயாயினும் வடிவம் மாறினால் வேலை மாறிவிடுகிறது. இன்றைய மருந்தியல் கல்லூரிகளில் தனிப்பாடமாக வைத்திருப்பதும் இதைத்தான்.

வில்லையை வார்க்கும் முறையை ஸஹ்ராவி அவர்கள் விளக்கியிருக்கும் இடம் ஒரு கைவினைஞனின் குறிப்பைப் போலவே இருக்கும். கருங்காலியிலோ தந்தத்திலோ ஒரு பலகை செய்துகொள்ள வேண்டும். அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, ஒவ்வொரு பாதியிலும் வில்லையின் பாதிக் கனத்துக்குக் குழி வெட்ட வேண்டும். ஒரு பாதியின் குழிகளின் அடியில் மருந்தின் பெயரைச் செதுக்க வேண்டும். அதுவும் தலைகீழாக, கண்ணாடியில் தெரிவது போலச் செதுக்க வேண்டும். அப்போதுதான் மருந்தை வைத்து இரு பாதிகளையும் அழுத்தித் திறக்கும்போது, வில்லையின்மேல் பெயர் நேராகப் படிக்கும்படி விழும்.

அழகுக்காகச் செய்த வேலையன்று அது. மருந்துக் கடையில் நூறு வில்லைகள் கிடக்கும். நிறம் ஒன்று, அளவு ஒன்று. ஒன்று பேதிக்கு, ஒன்று உறக்கத்துக்கு. எடுத்துக் கொடுக்கும் கை தவறினால் வாங்கி விழுங்குபவனுக்கு எப்படித் தெரியும்? பெயரை மருந்தின் உடம்பிலேயே எழுதிவிட்டால் ஏமாற்றவும் இயலாது, தடுமாறவும் வேண்டியதில்லை. இங்கிலாந்தில் வில்லியம் பிராக்கடன் என்பவர் தூளை அச்சில் இட்டு அழுத்தி மாத்திரையாக்கும் முறைக்கு 1843இல் காப்புரிமை பெற்றார்; இன்று ஆலைகளில் ஓடும் இயந்திரங்களுக்கு அதுவே முன்னோடி. அந்த இயந்திரங்களும் மாத்திரையின்மேல் எழுத்தையோ எண்ணையோ பதித்தே வெளியே தள்ளுகின்றன.

பாதை தேடிய கருவிகள்

வாய் வழியாகக் கொடுத்த மருந்து நோயுள்ள இடத்தை அடையும் முன்பே வயிற்றில் சிதைந்து போகலாம். அப்படியானால் நோயிருக்கும் இடத்துக்கே மருந்தைக் கொண்டுபோய் விட்டால் என்ன? அன்னாரின் அறுவைப் பகுதியில் கத்திகளோடும் இடுக்கிகளோடும் கலந்து, வெட்டாத கருவிகள் சிலவும் இருப்பதற்குக் காரணம் இந்த எண்ணமே. மூக்கில் எண்ணெய் மருந்தை விடுவதற்கென்று ஒரு கருவி. காதுக்குள் மருந்தைச் செலுத்த ஒரு குழல். குடலுக்கு மருந்தேற்றும் தோற்பையும் குழாயும். இவற்றுள் எல்லாம் நுட்பமானது, சிறுநீர்ப்பையில் புண்ணோ உறைந்த இரத்தமோ இருக்கும்போது அங்கேயே மருந்தைச் சேர்க்கும் பீச்சாங்குழல்.

வெள்ளியிலோ தந்தத்திலோ அதைச் செய்யச் சொல்கிறார்கள். நீண்டு மெலிந்த குழல். அதன் நுனியில் மூன்று துளைகள். ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று. குழலின் உட்புறத்துக்கு இம்மியும் பிசகாமல் பொருந்தும் ஒரு தண்டு. நுனியை மருந்தில் தோய்த்துத் தண்டை இழுத்தால் மருந்து உள்ளே ஏறும்; தள்ளினால் வெளியே பாயும். இதை விளக்கும்போது, கடற்போரில் எதிரிக் கப்பல்மேல் எரிநெய்யைப் பீய்ச்சும் குழலை உவமையாகக் காட்டுகிறார்கள். கொல்வதற்கென்று கண்ட கருவியின் தத்துவம் நோயாளியின் வேதனையைத் தணிக்கும் கருவியாக உருமாறியிருக்கிறது. தோலுக்கடியில் குத்தும் ஊசி 1853இல்தான் ஐரோப்பாவில் வந்தது. அதை ஸஹ்ராவி அவர்கள் அறியார்கள். ஆயினும் இழுத்தால் ஏறி, தள்ளினால் இறங்கும் தண்டும் குழலும் அன்னாரின் கையில் இருந்தன.

இப்போது நாம் தொடங்கிய இடத்தின் மறுபாதிக்கு வருவோம். மருத்துவர்கள் இவ்வழிகளில் மருந்து செலுத்தி வந்ததால்தான், இமாம்களுக்கும் அவற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் அவசியம் நேர்ந்தது. மூக்கில் விடுவது, காதில் விடுவது, எனிமா, சிறுநீர்ப் பாதையில் செலுத்துவது ஆகிய நான்கும் நோன்பைப் பற்றிய அத்தியாயங்களில் பெயர் சொல்லி ஆராயப்பட்டிருக்கின்றன. ஷாஃபிஈ மத்ஹபில், திறந்த துவாரம் வழியாக உடலின் உட்பகுதியை அடைவது நோன்பை முறிக்கும். கண் அத்தகைய துவாரமன்று என்பதால் சுர்மா முறிக்காது. ஸஹ்ராவி அவர்களின் நாட்டில் வழங்கிய மாலிக்கி மத்ஹபிலோ சுர்மாவின் சுவை தொண்டையை எட்டினால் முறியும். ஆனால் சிறுநீர்ப் பாதையில் செலுத்துவது முறிக்காது.

ஹனஃபி மத்ஹபினர் பெரிதும் மதிக்கும் ‘ஹிதாயா’ என்னும் சட்ட நூலில் இவ்விஷயம் வரும் இடம் கவனிக்கத்தக்கது. சிறுநீர்ப் பாதையில் மருந்து விட்டால் நோன்பு முறியாது என்பது இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. முறியும் என்பது அவர்களின் மாணவர் இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) அவர்களின் கருத்து. கருத்து வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? சிறுநீர்ப்பைக்கும் வயிற்றுக்கும் இடையே வழி இருப்பதாக மாணவர் கருதினார்கள். இல்லை, இடையில் தடுப்பு உண்டு, நீர் கசிந்தே இறங்குகிறது என்று ஆசிரியர் கருதினார்கள். இதை எடுத்துக்காட்டிய நூலாசிரியர் அல்மர்கீனானி (ரஹ்) அவர்கள், இது ஃபிக்ஹுக்குள் அடங்கும் விஷயமன்று என்று ஒரு வரியில் சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். உடலின் அமைப்பைப் பற்றிய கேள்வி அது; அறிந்தவனிடம்தான் கேட்க வேண்டும் என்பது கருத்து. தம் கல்வியின் எல்லை எதுவென்று அறிந்த அந்தப் பணிவு நம்மைத் தலைவணங்கச் செய்கிறது.

அண்மைக் காலத்தில் மருந்து செல்லும் வழிகள் மேலும் பெருகிவிட்டன. நெஞ்சு நோவுக்கு நாவின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின், வாயின் மெல்லிய தோல் வழியே நேராக இரத்தத்தில் கலக்கிறது. விழுங்கினால் அதன் பெரும்பகுதியை ஈரல் அழித்துவிடும். தோலில் ஒட்டிவிட்டால் நாள் முழுதும் சிறிது சிறிதாக உள்ளே இறங்கும் மருந்துப் பட்டை 1979இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கண்ணுக்குத் தெரியாத கொழுப்புக் குமிழிகளுக்குள் புற்றுநோய் மருந்தை அடைத்து அனுப்பும் முறைக்கு 1995இல் அனுமதி கிடைத்தது. 2020இல் வந்த கொரோனா தடுப்பூசிகளுள் சில, அத்தகைய நுண்ணிய கொழுப்புத் துகள்களில் ஏறியே நம் உடலுக்குள் வந்தன. ஜித்தாவில் 1997இல் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, மருத்துவர்களையும் அருகில் வைத்துக்கொண்டு இவ்வழிகளை ஆராய்ந்தது. நெஞ்சு நோவுக்காக நாவின் அடியில் வைக்கும் மாத்திரையின் கரைசலை விழுங்காதிருந்தால் நோன்பு முறியாது என்றும், உணவாகாத ஊசிகளும் தோலில் ஒட்டும் பட்டைகளும் முறிக்கா என்றும் தீர்மானித்தது. உங்கள் மத்ஹபின்படி நடப்பை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். மருந்தை நிறுத்துவதா, வேளையை மாற்றுவதா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். ஹிதாயாவின் ஆசிரியர் காட்டிய முறையும் அதுதானே.

இவ்விடத்தில் இல்லத்தரசிகளுக்கு ஒரு சொல். வீட்டில் பெரியவர்கள் மாத்திரையை விழுங்கச் சிரமப்பட்டால், அதைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. பல மாத்திரைகளுக்கு அதனால் தீங்கில்லை. ஆனால் நாள் முழுதும் மெல்ல மெல்லக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரைகள் உண்டு. சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் அப்படிப்பட்டவை நிறைய வருகின்றன. அவற்றைப் பொடித்தால் ஒரு நாளைக்குரிய மருந்து முழுவதும் ஒரே வேளையில் உடலில் இறங்கிவிடும். குடலில் கரைய வேண்டும் என்று மேற்பூச்சுப் பூசியவை வேறு உண்டு. உடைத்தால் அவை வயிற்றின் அமிலத்தில் வீணாகும், அல்லது வயிற்றைப் புண்ணாக்கும். மருந்துக் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எந்த மாத்திரையையும் உடைக்காதீர்கள்.

அமானிதம் பேணியவர்

மருத்துவம் அறியாதவன் மருத்துவம் செய்யப் புகுந்து நோயாளிக்குத் தீங்கு விளைத்தால், அவனே அதற்குப் பொறுப்பாளி என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். இந்த அச்சம் ஸஹ்ராவி அவர்களின் எழுத்தெங்கும் இழையோடுகிறது. அறுவைப் பகுதியின் முன்னுரையில், தம் நாட்டில் இக்கலை அழிந்துவருவதை எண்ணி வருந்தி, கண்ணால் கண்ட சில கொடுமைகளை எழுதியிருக்கிறார்கள். ஒரு பெண்ணின் கழுத்துக் கட்டியை அறுத்த ஒருவன், உடலமைப்பு அறியாமல் இரத்தக் குழாயையும் அறுத்துவிட, அவள் அவன் கண்முன்னேயே இறந்தாள். முதியவர் ஒருவரின் சிறுநீர்ப்பையில் பெருங்கல் இருந்தது. அவரைப் பார்க்க முதலில் ஸஹ்ராவி அவர்களையே அழைத்திருந்தனர். கல்லின் பருமனையும் அவரின் உடல்நிலையையும் கண்டு, இதை எடுத்தால் பிழைக்கமாட்டார் என்று அன்னார் சொல்லிவிட்டார்கள். வேறொருவன் துணிந்து எடுத்தான். மூன்றாம் நாள் வாக்கில் முதியவர் இறந்துபோனார். தாம் மறுத்தது சரியென்று பெருமை கொள்ள அன்னார் இதை எழுதவில்லை. பேராசை உங்கள் கையை இழுக்கும் இடத்தில் நின்றுவிடுங்கள் என்று மாணவர்களை எச்சரிக்கவே எழுதினார்கள்.

மருந்தைப் பற்றிய பகுதிகளிலும் அதே கண்டிப்பு உண்டு. இருபத்தெட்டாம் பகுதி தனிமருந்துகளைப் பக்குவம் செய்யும் பகுதி. நிலத்தில் தோண்டி எடுப்பவை, செடிகொடியில் கிடைப்பவை, விலங்கிலிருந்து பெறுபவை என்று மூவகையாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் எப்படிக் கழுவுவது, சுடுவது, இடிப்பது, வடிப்பது, எதை எவ்வகைக் கலத்தில் சேமிப்பது என்று சொல்லிச் செல்கிறார்கள். இருபத்தொன்பதாம் பகுதி மேலும் பயனுடையது. ஒரே செடிக்குப் பல மொழிகளில் வழங்கும் பெயர்கள், எடைகளும் அளவைகளும், ஒரு மருந்து கிடைக்காவிட்டால் அதற்கு ஈடாக எதைச் சேர்க்கலாம் என்பது, ஒரு மருந்து எத்தனை காலம் தன் வீரியத்தை இழக்காதிருக்கும் என்பது. மருந்து அட்டையின் ஓரத்தில் காலாவதி நாளைத் தேடி மூக்குக் கண்ணாடியை உயர்த்தும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறதா? அக்கவலை குர்துபாவிலும் இருந்தது.

பத்தொன்பதாம் பகுதி நறுமணப் பொருள்களையும் அழகுச் சாதனங்களையும் பற்றியது. மார்க்கப் பற்றுள்ள ஒரு மருத்துவர் இதற்கென ஒரு பகுதியை ஒதுக்குவதா என்று சிலர் நெற்றி சுருக்கக்கூடும். அத்தரையும் சுர்மாவையும் நம் நபிகளார் (ஸல்) அவர்கள் விரும்பியதை எண்ணிப் பார்த்தால் அச்சுருக்கம் மறைந்துவிடும்.

நகரம் அழிந்தது, நூல் பிழைத்தது

அன்னாரின் இறுதிக் காலம் அமைதியாகக் கழியவில்லை. 1009ஆம் ஆண்டில் அந்தலுஸில் உள்நாட்டுக் கலகம் மூண்டது. கட்டி முடித்து நூறாண்டுகூட நிறையாத மதீனத்துஸ் ஸஹ்ரா சூறையாடப்பட்டது. 1013இல் குர்துபாவே கொள்ளையர் கையில் சிக்கியது. ஏறத்தாழ அவ்வாண்டில்தான் ஸஹ்ராவி (ரஹ்) அவர்களும் இவ்வுலகைப் பிரிந்தார்கள் என்று அறிஞர் கருதுவர். அந்த நகரம் மண்மூடிப் புல் முளைத்துக் கிடந்தது. 1911இல்தான் அகழ்வாராய்ச்சி தொடங்கியது. 2018இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

நூலோ மண்ணுக்குள் போகவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலைதோ நகரில் கிரமோனா ஊர் ஜெரார்டு என்பவர் அறுவைப் பகுதியை இலத்தீனில் பெயர்த்தார். அபுல் காசிம் என்ற பெயர் ஐரோப்பியர் நாவில் அபுல்காசிஸ் ஆயிற்று. மருந்துகளைப் பக்குவம் செய்யும் இருபத்தெட்டாம் பகுதியை ஜெனோவாவின் சைமனும், தொர்தோசா ஊர் ஆபிரகாம் என்ற யூதரும் சேர்ந்து பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இலத்தீனாக்கினர். அச்சுக்கலை ஐரோப்பாவில் தவழத் தொடங்கியிருந்த 1471இல், வெனிஸ் நகரில் நிக்கொலாஸ் ஜென்சன் என்பவரின் அச்சகத்தில் அப்பகுதி தனி நூலாக அச்சேறியது. அதன்பின் தலைமுறை தலைமுறையாக ஐரோப்பிய மருந்துக் கடைக்காரர்கள் அதைப் பார்த்து மருந்து செய்தனர். எழுதியவர் தொழுகைக்கு எழுந்து வந்த மனிதர் என்பதை அவர்களில் எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்!

துருக்கியில் ஷரஃபுத்தீன் சாபுன்ஜுஓக்லு என்ற மருத்துவர் 1465இல் அறுவைப் பகுதியைத் தம் தாய்மொழியில் பெயர்த்து, நோயாளியும் மருத்துவரும் தோன்றும் வண்ணப் படங்களைச் சேர்த்து சுல்தானுக்குக் காணிக்கையாக்கினார். 1778இல் ஆக்ஸ்ஃபோர்டில் அரபு மூலமும் இலத்தீனும் எதிரெதிராக அச்சாயின. நம் இந்தியாவில் 1908ஆம் ஆண்டில் லக்னோ நகரில் அறுவைப் பகுதியின் அரபு மூலம் வெளியாயிற்று. மருந்துப் பகுதிகளும் சேர்ந்த முழு நூலையும், இஸ்தான்பூலில் காக்கப்பட்டு வந்த கையெழுத்துப் பிரதி ஒன்றிலிருந்து அப்படியே படமெடுத்து, 1986இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் இரு தொகுதிகளாக வெளியிட்டார்கள். அதில், வில்லை அச்சில் பெயரைத் தலைகீழாகச் செதுக்கச் சொன்ன பக்கமும் இருக்கிறது.